மிலிட்டரி ஜெனரேட்டர் என்றால் பவர் ஜாஸ்தியா?

ராமநாதபுரத்தில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் பச்சை பெயின்ட் அடித்த ஜெனரேட்டர் ஒன்று வந்து கிடந்தது. இரும்புக் குழாயை வளைத்துச் செய்த கூடு, அதற்குள் ஒரு இன்ஜின், இன்ஜினோடு ஒட்டினாற்போல் உருளையாக இன்னொரு இரும்பு உடம்பு. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், "மிலிட்டரி சாமான் தம்பி, ஒரு தெருவுக்கே கரண்ட் குடுக்கும்" என்றார். அடுத்தவர், "பெட்ரோலே குடிக்காது, அப்படிச் செஞ்சிருப்பான் வெள்ளக்காரன்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் அங்கேயே விலையை ஏற்றிவிட்டார்.

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அந்தக் காலத்து ராணுவ ஜெனரேட்டர்கள் தங்கள் உடம்பு அளவுக்குக் கொடுத்த பவர் குறைவு. பெட்ரோலும் நன்றாகவே குடிக்கும். ஆனாலும் அவை நல்ல இன்ஜின்கள்தான். எந்த வகையில் நல்லவை என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் ஜெனரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். இன்ஜின் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் படிக்கலாம்.

இரண்டு மெஷின், ஒரு கூடு

சைக்கிளில் டைனமோ வைத்து ஓட்டியவர்களுக்கு இது சுலபம். டைனமோவை டயரோடு சாய்த்ததும் விளக்கு எரியும், கூடவே பெடல் கனக்கும். அந்தக் கனம்தான் விஷயம். விளக்கில் எரிவது உங்கள் காலின் உழைப்பு. டைனமோ அதை வேறு உருவத்துக்கு மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவே.

செம்புக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் நகர்ந்தால் கம்பியில் மின்சாரம் ஓடும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்தார். காந்தத்தைச் சுற்றிவிட்டு மின்சாரம் எடுக்கும் பகுதிக்கு ஆல்டர்னேட்டர் என்று பெயர். அதைச் சுற்றிவிடுவது இன்ஜின். இந்த இரண்டையும் ஒரே தண்டில் கோர்த்து ஒரு கூட்டுக்குள் வைத்ததைத்தான் நாம் ஜெனரேட்டர் என்கிறோம். இரும்புக் கடையில் பார்த்த அந்த உருளை உடம்பு ஆல்டர்னேட்டர்தான்.

"ஜெனரேட்டர் போச்சு" என்று சொல்லும்போது எது போச்சு என்று கேட்க வேண்டியது இதனால்தான். இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பல்பு எரியாது. அங்கே கோளாறு ஆல்டர்னேட்டரில். இன்ஜின் மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போய்ப் பிரயோஜனம் இல்லை.

நிமிஷத்துக்கு 3000 சுற்று

நம் வீட்டு மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதில்லை. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு விநாடியில் எத்தனை முறை ஆடுகிறது என்ற கணக்குக்கு ஹெர்ட்ஸ் என்று பெயர். இந்தியாவில் அது 50. அமெரிக்காவில் 60.

ஒரு ஜோடி காந்த முனை உள்ள ஆல்டர்னேட்டர் ஒரு சுற்று சுற்றினால் மின்சாரம் ஒரு ஆட்டம் ஆடும். 50 ஆட்டம் வேண்டுமானால் விநாடிக்கு 50 சுற்று, அதாவது நிமிஷத்துக்கு 3000 சுற்று. அமெரிக்கக் கணக்கில் 3600. இரண்டு ஜோடி முனை வைத்தால் பாதி வேகம் போதும், 1500 அல்லது 1800. கடைவாசலில் ஓடும் சின்ன ஜெனரேட்டர் கத்துவதற்கும், கல்யாண மண்டபத்துப் பெரிய ஜெனரேட்டர் நிதானமாக உறுமுவதற்கும் முக்கியமான காரணம் இந்த வேக வித்தியாசம்.

மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. தேவைக்கு ஏற்ப ஏறும், இறங்கும். ஜெனரேட்டர் இன்ஜின் சொன்ன வேகத்திலேயே நிற்க வேண்டும். பத்து பல்பு எரிந்தாலும் அதே 3000, ஒரே பல்பு எரிந்தாலும் அதே 3000.

எதிர்க்காற்றில் ஒரு வேகம்

பாம்பன் பாலத்தில் காற்று காலத்தில் சைக்கிள் மிதித்தவர்கள் இருப்பார்கள். எதிர்க்காற்று வந்தால் அழுத்தி மிதிக்க வேண்டும், காற்று விழுந்தால் காலைத் தளர்த்த வேண்டும். அப்போதுதான் வேகம் ஒரே சீராக இருக்கும். இதே வேலையை இன்ஜினில் செய்யும் பாகத்துக்குக் கவர்னர் என்று பெயர்.

பழைய கவர்னர் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால் திருவிழாவில் சங்கிலியில் நாற்காலி தொங்கும் ராட்டினத்தைப் பாருங்கள். வேகம் ஏற ஏற நாற்காலிகள் வெளியே விரியும், குறைந்தால் உள்ளே வரும். கவர்னருக்குள் நாற்காலிக்குப் பதிலாக இரண்டு சின்ன இரும்புக் குண்டுகள். வேகம் கூடினால் அவை விரிந்து ஒரு கம்பியைத் தள்ளும், அந்தக் கம்பி பெட்ரோல் போகும் வழியைக் குறுக்கும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் இழுத்து வழியைத் திறக்கும். மூளையும் கிடையாது, வயரும் கிடையாது.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடை ஒன்றில் வெளிச்சம் போதவில்லை என்று ஒரு பையன் கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டான். வெளிச்சம் பிரமாதமாக ஏறியது. பத்து நிமிஷத்தில் சீரியல் செட்டில் பாதி போனது, ஆம்ப்ளிஃபயர் புகைந்தது. வேகம் கூடினால் ஹெர்ட்ஸ் மட்டுமல்ல, சாதாரண சின்ன ஜெனரேட்டர்களில் வோல்டேஜும் சேர்ந்து ஏறும். அன்று ராத்திரி மைக் இல்லாமல்தான் வில்லுப்பாட்டு நடந்தது. உண்மையில் கேட்க அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இன்ஜின் சுற்றுகிறது, ஆல்டர்னேட்டர் அதை மின்சாரமாக்குகிறது, வேகம் மாறாமல் கவர்னர் பார்த்துக்கொள்கிறது. இனி ராணுவத்துக்கு வருவோம்.

பண்ணை வீட்டிலிருந்து போர்க்களத்துக்கு

ராணுவ ஜெனரேட்டர் என்றதும் ராணுவ விஞ்ஞானிகள் ரகசியமாகக் கண்டுபிடித்தது என்று ஒரு நினைப்பு வரும். நடந்தது நேர்மாறு. அமெரிக்காவில் 1916 வாக்கில் டெல்கோ லைட் என்ற செட் விற்பனைக்கு வந்தது. மின்கம்பம் எட்டாத பண்ணை வீடுகளுக்கு விளக்கு எரிக்க ஒரு சின்ன இன்ஜின், கூடவே பேட்டரி வரிசை. 1920-ல் கோலர் கம்பெனி 1500 வாட் செட் ஒன்றைக் கொண்டுவந்தது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனி துணி துவைக்கும் மெஷின்களுக்குப் பெட்ரோல் இன்ஜின் செய்துகொண்டிருந்தது. கிராமத்தில் கரண்ட் இல்லாததால் வாஷிங் மெஷினுக்கும் பெட்ரோல்! பிரிட்டனில் ஜே.ஏ.பி., வில்லியர்ஸ் இரண்டும் மோட்டார் சைக்கிள் இன்ஜினில் பேர் வாங்கியவை. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கு இன்ஜின் கொடுத்தவர்களில் இவர்கள் எல்லாரும் உண்டு.

ராணுவம் அவற்றைத் தேடிப் போனது விளக்குக்காக மட்டுமல்ல, ரேடியோவுக்காகவும். அப்போதைய வால்வு ரேடியோக்கள், அதாவது உள்ளே கண்ணாடிக் குழல்கள் வைத்த ரேடியோக்கள், மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். பலவும் ஆசிட் பேட்டரியில்தான் ஓடின, அது சீக்கிரம் இறங்கிவிடும். பேட்டரி இறங்கினால் பட்டாளத்துக்கு வாயும் இல்லை, காதும் இல்லை. அதனால் பேட்டரி சார்ஜ் செய்யவென்றே 300 வாட் அளவில் சின்னச் சின்ன செட்டுகளைப் பிரிட்டிஷ் படை கொண்டுபோனது. இன்றைய ஒரு மிக்சிக்கே 500 வாட், 750 வாட் தேவை. ஒரு மிக்சியை ஓட்ட முடியாத ஜெனரேட்டர், ஒரு படைப்பிரிவின் தகவல் தொடர்பைத் தாங்கியது. "தெருவுக்கே கரண்ட்" என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மா போர்முனையில் இந்தியப் படையும் ஓட்டிய டாங்கி அது. அதற்குள் பெரிய இன்ஜினைத் தவிர 1500 வாட்டில் ஒரு தனிச் சின்ன ஜெனரேட்டரும் உண்டு. ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஹோம்லைட் கம்பெனி செய்தது. வீரர்கள் வைத்த செல்லப் பெயர் "லிட்டில் ஜோ". நம் கடற்கரையில் வாக்கி டாக்கிக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் பேட்டரி ஏற்றுவதற்காக விசைப்படகின் பெரிய இன்ஜினைச் சும்மா ஓடவிட்டால் டீசல் செலவு எப்படி வயிற்றைக் கலக்கும் என்று படகுக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் கவலை டாங்கிக்காரர்களுக்கும் இருந்தது, அதற்குக் கிடைத்த தீர்வுதான் லிட்டில் ஜோ.

இன்னும் கொஞ்சம் பெரியது பி.இ.-75 என்ற செட். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் ஒற்றை சிலிண்டர் இன்ஜின், சுமார் 2,500 வாட். "போர்ட்டபிள்" என்று பெயர், ஆனால் நாலு பேர் பிடித்துத்தான் தூக்க வேண்டும். பெட்ரோலே கிடைக்காத இடத்துக்குக் கையால் சுற்றும் ஜெனரேட்டரும் இருந்தது. ஒருவர் பேசிக்கொண்டிருக்க, இன்னொருவர் ஆட்டுக்கல் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

உடம்பு பெரிசு, பவர் சிறிசு

இப்போது இரும்புக் கடைப் பேச்சுக்கு வருவோம். இன்ஜினின் பவரைக் குதிரைத்திறன் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். சிலிண்டருக்குள் எவ்வளவு இடம் என்பதை சிசி என்பார்கள்.

போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் தனக்கென்று ஒரு இன்ஜின் வரிசை உருவாக்கியது. அதில் ஒன்றின் பெயர் 2ஏ016. அதன் சிலிண்டர் அளவு ஏறக்குறைய 262 சிசி. கொடுத்த பவர் 3 குதிரைத்திறன். நம் ரோட்டில் ஓடும் சாதாரண 100 சிசி பைக் ஏழு, எட்டு குதிரைத்திறன் கொடுக்கும். இன்னொன்று 4ஏ084. 1,376 சிசி, 20 குதிரைத்திறன். 796 சிசி மாருதி 800 காரே 37 கொடுத்தது. அப்படியென்றால் ராணுவத்துக்கு இன்ஜின் செய்யத் தெரியவில்லையா?

அது வேண்டுமென்றே செய்தது. பைக் அந்த எட்டு குதிரைத்திறனைக் கொடுக்க நிமிஷத்துக்கு 8000 சுற்று வரை போக வேண்டும், அதையும் எப்போதோ ஒரு முறைதான் செய்கிறது. ஜெனரேட்டர் இன்ஜின் பாரத்தோடு மணிக்கணக்கில், சமயத்தில் நாள்கணக்கில் ஓட வேண்டும். நூறு கிலோ தூக்கக்கூடிய ஆளிடம் முப்பது கிலோ மூட்டையைக் கொடுத்தால் சாயங்காலம் வரை நடப்பார். நூறு கிலோவையே கொடுத்தால் தெரு முனையில் உட்கார்ந்துவிடுவார். இதற்கு நல்ல உதாரணம் போர்க்கால ஜீப் இன்ஜின். ஜீப்பில் அது 60 குதிரைத்திறன். அதே இன்ஜினைப் பி.இ.-95 என்ற ஜெனரேட்டரில் வைத்தபோது எடுத்தது 10 கிலோவாட், அதாவது பதிமூன்று சொச்சம் குதிரைத்திறனுக்கான மின்சாரம். மிச்சமெல்லாம் மூச்சு வாங்காமல் இருப்பதற்காக விட்டுவைத்தது.

எரிபொருளும் ஒரு காரணம். சிலிண்டருக்குள் வாயுவை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பவர் வரும், ஆனால் அதற்கு நல்ல பெட்ரோல் வேண்டும். போர்க்களத்தில் வருகிற பெட்ரோலின் தரத்தை யார் பார்ப்பது? எனவே குறைவாக இறுக்கினார்கள். இன்ஜினில் வால்வு என்பது வாயுவை உள்ளே விட்டு புகையை வெளியே அனுப்பும் கதவு. அந்த வால்வுகளைச் சிலிண்டரின் மூடியான தலையில் வைக்காமல் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இதற்குச் சைடு வால்வு என்று பெயர். அந்த அமைப்பில் மூச்சு நன்றாக ஓடாது, பெட்ரோல் கூடுதலாகப் போகும். ஆனால் நாலு போல்ட்டைக் கழற்றினால் தலை கையோடு வந்துவிடும், கரியைச் சுரண்டிவிட்டு மாட்டிவிடலாம். குறைவாக இறுக்கும் இன்ஜின் மட்டமான எரிபொருளையும் செரிக்கும். தொண்ணூறுகளில் நம் கடைவீதிகளில் பெட்ரோலில் கிளப்பிவிட்டு, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பி ஓட்டிய சின்ன ஜெனரேட்டர்கள் ஓடியதும் இதே தத்துவத்தில்தான். குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால்தான் முதலில் பெட்ரோல்.

சின்ன செட்டுகள் பெரும்பாலும் காற்றில் குளிர்பவை. சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக மடிப்பு இருக்கும், சக்கரத்தில் உள்ள விசிறி அதன்மேல் காற்றடிக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. பாலைவனத்தில் குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது இன்ஜினுக்கு எங்கே போவது? தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டத்துக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்.

சுருக்கமாக: பெரிய உடம்பில் சின்ன வேலை வாங்கியதால்தான் அவை நெடுநேரம் தாங்கின. மிலிட்டரி என்ற சொல்லுக்கு இங்கே "அதிக பவர்" என்று பொருள் இல்லை.

இலங்கை வானொலியில் கரகரப்பு

நம் கரையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு அனுபவம் இருக்கும். நல்ல பாட்டு ஓடும், தெருவில் ஒரு ஸ்கூட்டர் போகும், ரேடியோ கரகரவென்று கத்தும். ஸ்கூட்டருக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறி ஒவ்வொன்றும் ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி. கம்பியில்லாத் தந்தியே தீப்பொறியில் தொடங்கியதுதான்.

ராணுவத்துக்கு இது தலைவலி. ரேடியோவுக்காகக் கொண்டுவந்த ஜெனரேட்டரே ரேடியோவைக் கெடுத்தால் எப்படி? அதனால் தீப்பொறி விடும் ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் வயருக்குமேல் உலோகப் பின்னல் உறை போட்டார்கள், பிளக்கையே உலோகக் கூட்டுக்குள் மூடினார்கள். இதற்கு ஷீல்டிங் என்று பெயர். பழைய செட்டைப் பார்த்ததும் மிலிட்டரி என்று அடையாளம் சொல்ல, பச்சை பெயின்ட்டைவிட இது நம்பகமான தடயம். பெயின்ட் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

தீப்பொறி வருவதற்குப் பேட்டரி தேவைப்படாத வழி ஒன்றும் அவற்றில் உண்டு. சுற்றும் சக்கரத்திலேயே ஒரு காந்தம், பக்கத்தில் ஒரு கம்பிச் சுருள். கயிற்றைச் சுற்றி இழுத்ததும் அந்தக் காந்தமே பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கும். இதுதான் மேக்னெட்டோ. பேட்டரி முழுக்கச் செத்துப்போனாலும் இன்ஜின் கிளம்பும் என்பதால் பேட்டரி சார்ஜ் செய்யும் மெஷினுக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. ஆனால் நம் உப்புக் காற்றுக்கு மேக்னெட்டோவின் பாயின்ட், அதாவது பொறி விழ வேண்டிய நேரத்தில் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச், முதல் பலி. மண்டபம், தொண்டிப் பக்கம் ஒரு மழைக்காலம் மூடாமல் கிடந்த செட் கிளம்பவில்லை என்றால், வேறெதையும் கழற்றுவதற்கு முன்னால் அந்தப் பாயின்ட்டைத் துடைத்துப் பாருங்கள்.

ஆளுக்கொரு இன்ஜின்

போர்க்காலத்தில் யார் செய்து கொடுத்தாலும் வாங்கினார்கள். விளைவு, எத்தனையோ கம்பெனி, எத்தனையோ மாடல், ஒன்றின் பிஸ்டன் ரிங் இன்னொன்றுக்குச் சேராது. ஒரு இறங்குதுறையில் நூறு படகு நூறு கம்பெனி இன்ஜினோடு நின்றால் ஸ்பேர் கடைக்காரரின் கதி என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மேலே சொன்ன அமெரிக்க வரிசை இதற்காக வந்ததுதான். ஒன்றரையிலிருந்து 20 குதிரைத்திறன் வரை ஐந்தே அளவு, யார் தயாரித்தாலும் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பெயரிலேயே விவரம் இருக்கிறது. 2ஏ016 என்றால் இரண்டு சிலிண்டர், "ஏ" என்பது காற்றில் குளிர்வது, 16 என்பது கன அங்குலத்தில் சிலிண்டர் அளவு. இதைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரர் சொல்லும் கதையைக் கேட்க வேண்டியதில்லை.

இந்தப் பெட்ரோல் இன்ஜின்களின் காலம் எண்பதுகளோடு இறங்கத் தொடங்கியது. லாரிக்கும் டாங்கிக்கும் ஒரு எரிபொருள், ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் என்று தனித்தனியாகச் சுமப்பதை நிறுத்த, எல்லாவற்றுக்கும் ஒரே எரிபொருள் என்று நேட்டோ நாடுகள் முடிவெடுத்தன. டீசல் இன்ஜின்கள் அந்த இடத்துக்கு வந்தன. சத்தம் குறைவாக, எதிரி காதில் விழாதபடி மூடிய பெட்டிக்குள். பெட்ரோல் செட்டுகள் ஏலத்துக்குப் போயின.

இரும்புக் கடையில் ஒரு தகடு

அந்தப் பச்சை ஜெனரேட்டரைப் பார்க்க எனக்குத் தெரிந்த படகு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப்போனேன். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. வேட்டி முனையில் எச்சில் தொட்டு ஆல்டர்னேட்டர் மேல் இருந்த தகட்டைத் துடைத்தார். பாதி உப்பு தின்றிருந்தது. மிச்சத்தில் 120 வோல்ட், 60, 3600 என்று படிக்க முடிந்தது.

"3000-த்துல ஓட்டுனா நம்ம 50 வந்துரும்ல அண்ணே?" என்று கேட்டேன்.

"வரும். வோல்ட்டும் இறங்கி நூறுகிட்ட வரும். நம்ம வீட்டுல 230. எதை எரிப்ப?" என்றார்.

ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு அந்தத் தண்டில் ஒரு தண்ணீர் பம்பை மாட்டலாமா என்று யோசித்தபடி, கயிற்றுச் சக்கரத்தைக் கையால் ஒரு அரைச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். உள்ளே காற்று இறுகுவது கையில் தெரிந்தது. பிறகு கடைக்காரரிடம் திரும்பி, எடைக்கு என்ன விலை என்று கேட்டார்.